முப்பது ரிங்கிட் பெட்டியும் ஆயிரத்துச் சொச்ச ரிங்கிட் கருவியும்: விஆர் விளையாட்டுக்குள் நுழையும் முன்

பள்ளி விடுமுறையில் ஈப்போ பேரங்காடிக்குப் போன பையன், கண்ணை மறைக்கும் கறுப்புக் கருவியை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் ரோலர் கோஸ்டரில் பறந்துவிட்டு வருகிறான். சுங்கை சிப்புட் திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. இரவில் அப்பா கைப்பேசியில் ‘விஆர்’ என்று தேடுகிறார். முதலில் வருவது முப்பது நாற்பது ரிங்கிட் பிளாஸ்டிக் பெட்டி. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினால் ஆயிரத்து முன்னூறு, இரண்டாயிரம் என்று போகும் கருவிகள். படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. விலையில் மட்டும் ஏன் நாற்பது மடங்கு வித்தியாசம்?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற சந்தேகங்களும் ஒவ்வொன்றாக அவிழும். எவ்வளவு இடம் வேண்டும், ஏன் தலை சுற்றுகிறது, தோட்டத்து இணையத்தில் ஓடுமா என்பதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான். பதில் இது: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது ஒரு கருவிக்குத் தெரியும், இன்னொன்றுக்குத் தெரியாது.

தலை திரும்புவது வேறு, கால் நகர்வது வேறு

விஆர் என்பது மெய்நிகர் உலகம். இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குக் கொஞ்சம் மாறுபட்ட இன்னொரு படம். இரண்டையும் மூளை சேர்த்து ஆழமாகப் பார்க்கிறது. இது பழைய வித்தை. தலை அசையும்போது படமும் அதற்கேற்ப மாறுவதுதான் புதிது. அந்த மாற்றம் இரண்டு வகை.

செம்பனைத் தோட்டத்துக்குள் நின்று பாருங்கள். ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்ட மரங்கள். நின்ற இடத்திலேயே தலையைத் திருப்பினால் வேறு வேறு மரங்கள் கண்ணில் படும். ஆனால் முன்மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மரம் ஒளிந்தபடியேதான் இருக்கும். இப்போது பக்கவாட்டில் ஓர் அடி வையுங்கள். ஒளிந்திருந்த மரம் வெளியே வருகிறது. இன்னும் இரண்டடி வைத்தால் ஒரு நிரை முழுவதும் கோடு போட்டதுபோல் திறந்துகொள்கிறது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற உணர்வை மூளைக்குக் கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது மாற்றம்தான்.

முதல் வகையை மட்டும் அறியும் கருவிக்கு மூன்று அசைவு: மேலும் கீழும் பார்ப்பது, இடம் வலம் திரும்புவது, தலையைச் சாய்ப்பது. இரண்டையும் அறியும் கருவிக்கு ஆறு அசைவு: முன்பின், இடவலம், மேல்கீழ் நகர்வும் சேரும். கடைக்காரர்கள் ‘த்ரீ டாஃப்’, ‘சிக்ஸ் டாஃப்’ என்பது இவற்றைத்தான்.

முப்பது ரிங்கிட் பெட்டி மூன்று அசைவுக்காரன். உள்ளே இருப்பது இரண்டு லென்ஸ் மட்டுமே. திரை உங்கள் கைப்பேசி, திரும்புவதை அறிவது கைப்பேசிக்குள் இருக்கும் ஜைரோஸ்கோப். 2014-இல் கூகள் வெளியிட்ட கார்ட்போர்டு இந்த வகையைப் பரப்பியது. 2015-இல் சாம்சங் கியர் விஆர் வந்தது, 2016-இல் கூகளின் டேட்ரீம் வந்தது. இரண்டும் கைவிடப்பட்டன, 2021-இல் கார்ட்போர்டு விற்பனையையும் கூகள் நிறுத்தியது. ஆகவே அந்தப் பெட்டி மோசடி இல்லை. 360 பாகைக் காணொளி பார்க்க உதவும் கண்ணாடி, அவ்வளவே. வாள் வீசவோ, குனிந்து தப்பவோ, பந்தை எட்டிப் பிடிக்கவோ அதனால் முடியாது. பையன் கேட்டது இதுவல்ல என்பது வாங்கிய மறுநாள் தெரிந்துவிடும்.

கருவிக்கு எப்படித் தெரிகிறது?

1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் செய்த தலைக்கருவி, விட்டத்திலிருந்து தொங்கிய ஒரு கம்பத்தில் பூட்டப்பட்டிருந்தது. தலை எங்கே போகிறது என்பதை அந்தக் கம்பத்தின் அசைவை வைத்து அளந்தார்கள். 2016-இல் வந்த எச்டிசி வைவுக்கு அறையின் இரண்டு மூலைகளில் பெட்டிகளை மாட்டி, சக்திவாய்ந்த கணினியோடு வடத்தால் இணைக்க வேண்டியிருந்தது. 2019-இல் ஒக்குலஸ் குவெஸ்ட் இந்தத் தளவாடங்களை எல்லாம் ஓரங்கட்டியது. கருவியின் முகப்பிலேயே கேமராக்கள், உள்ளேயே கணினி, வடம் இல்லை. ஒக்குலஸை 2014-இலேயே ஃபேஸ்புக் வாங்கிவிட்டது; அந்த நிறுவனம் 2021-இல் தன் பெயரை மெத்தா என்று மாற்றிக்கொண்டதால், இன்று அது ‘மெத்தா குவெஸ்ட்’ என்ற பெயரில் விற்கிறது.

அந்தக் கேமராக்கள் உங்கள் ஹாலைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன: தரைஓட்டின் விளிம்பு, அலமாரியின் மூலை, சுவர் நாட்காட்டி. எது எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டு, உள்ளிருக்கும் அசைவுணரிகள் சொல்வதோடு ஒப்பிட்டு, உங்கள் தலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கின்றன. கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும். அதையும் இதே கேமராக்கள் பார்க்கும். காசு போவது இதற்குத்தான்.

கேமரா என்றால் வெளிச்சம் முக்கியம். நம் வீடுகளுக்கு இது நாலு விதத்தில் பொருந்தும்:

1. இருட்டு அறையில் கருவி தடுமாறும். சாதாரண ஹால் விளக்கு போதும்.
2. வெளியே நேர்வெயிலில் விளையாடக்கூடாது. கேமரா திணறுவது சின்னத் தொல்லை. பெரிய ஆபத்து லென்ஸ் வழியே உள்ளிருக்கும் திரைக்கு, அது கடைசியில் வருகிறது.
3. பெரிய நிலைக்கண்ணாடியும் எதுவும் மாட்டாத வெறும் வெள்ளைச் சுவரும் கேமராவைக் குழப்பும். நம் ஹால்களில் சாமி படம், பட்டமளிப்புப் படம், கல்யாணப் படம் என்று சுவர் நிறைந்திருப்பதால் இரண்டாவது பிரச்சினை அநேகமாக எழாது.
4. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. பழைய குழல் விளக்குகள் அந்தக் கதிக்கேற்பத் துடிப்பதை நம் கண் கவனிக்காது, கேமரா கவனிக்கும். கை அடிக்கடி நடுங்குவதுபோல் தெரிந்தால், அமைப்புகளில் கண்காணிப்பு அதிர்வெண்ணை 50 என்று மாற்றிப் பாருங்கள். கருவி பழுது என்று கடைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.

தலை ஏன் சுற்றுகிறது?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையில் பேருந்தில் கைப்பேசி பார்த்தபடி போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வளைவுக்கு வளைவு உடம்பு சாய்வதை உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ அசையாத திரையைப் பார்த்து ‘ஒன்றும் அசையவில்லை’ என்கிறது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாததால் வயிறு புரள்கிறது.

விஆரில் இது தலைகீழ். கண் ‘பாய்ந்து போகிறோம்’ என்கிறது. காதோ ‘நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. ரோலர் கோஸ்டர் இந்தச் சண்டையை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. விஆரை முதன்முதலாகப் பார்க்கும் ஒருவருக்குக் காட்டக்கூடாத காட்சி எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். சந்தைகளிலும் பேரங்காடிகளிலும் முதலில் காட்டுவதும் இதையேதான். இரண்டு நிமிடத்தில் முகம் வெளுத்து இறங்கும் அம்மா ‘எனக்கு விஆர் ஒத்துக்காது’ என்று முடிவுகட்டுகிறார். அவருக்கு ஒத்துக்கொள்ளாதது அந்தக் காட்சி; விஆர் இல்லை.

ஆகவே விளையாட்டு வாங்கும்போது கதையையும் படத்தின் அழகையும் பார்ப்பதற்கு முன், அந்த உலகத்துக்குள் எப்படி நகர்கிறீர்கள் என்று பாருங்கள்:

1. உங்கள் உடம்பே நகர்வது. பீட் சேபரில் நின்ற இடத்திலேயே, பாட்டின் தாளத்துக்கு எதிரே வரும் கட்டைகளை வாளால் வெட்டுகிறீர்கள். கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்வதால் பெரும்பாலோருக்குத் தலை சுற்றாது.
2. தாவுவது. போகவேண்டிய இடத்தைச் சுட்டினால் கண்ணிமைப்பில் அங்கே இருப்பீர்கள். இடையில் நகரும் காட்சி இல்லை என்பதால் சண்டையும் இல்லை. வாக்எபவுட் மினி கோல்ஃபில் இப்படி நகரலாம்.
3. கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள குச்சியைக் கட்டைவிரலால் தள்ளி வழுக்கிக்கொண்டு போவது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். முதல் வாரத்தில் இதைத் தொடவேண்டாம்.

இலவசமாகக் கிடைப்பதால் பிள்ளைகள் முதலில் தேடும் கொரில்லா டேக் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் நிற்கிறது. கைகளால் தரையை உந்தித் தாவ வேண்டும்; உடம்பும் அசைவதால் சிலருக்குச் சமாளிக்கும், சிலருக்குப் புரட்டும்.

இன்னொரு காரணம் தாமதம். தலை திரும்பியபின் படம் மாற 20 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் மூளை கண்டுபிடித்துவிடும் என்பது இந்தத் துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம் போதும்; விஆருக்கு 72, 90 என்று வேண்டியிருக்கிறது. விலை குறைந்த கைப்பேசிப் பெட்டியில் சும்மா காணொளி பார்த்தாலும் தலை வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது தவறு. நெற்றியில் வேர்வை, வாயில் எச்சில் ஊறுவது, கொட்டாவி: இதில் ஏதாவது ஒன்று வந்ததும் கழற்றிவிட வேண்டும். அடக்கிக்கொண்டு ஆடினால், மறுநாள் கருவியைப் பார்த்தாலே குமட்டும். பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு ஓய்வு. நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டலாம். முகத்துக்கு நேரே ஒரு மேசைக் காற்றாடியை, அதன் தலை பக்கவாட்டில் திரும்பாதபடி ஓடவிட்டால் புழுக்கம் தணிவதோடு, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். லென்ஸில் ஆவி படிவதும் குறையும்.

ஹாலில் எவ்வளவு இடம்?

நின்று நடந்து ஆட மெத்தா கேட்பது குறைந்தது 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம். தாமான் வீட்டு ஹாலில் காப்பி மேசையை நகர்த்தினால் கிடைத்துவிடும். லயத்து வீட்டின் முன்னறையில் சிரமம். அங்கே உட்கார்ந்தோ, நின்ற இடத்திலோ ஆடும் விளையாட்டுகளே சரி. அது குறையும் அல்ல. பீட் சேபருக்கு ஒரு பாய் அளவு போதும்.

ஆடத் தொடங்குமுன் தரையில் ஓர் எல்லைக்கோடு வரையச் சொல்லும். அதை நெருங்கினால் கண்முன்னே வலைபோல் ஒரு சுவர் தோன்றி எச்சரிக்கும். இதை நம்பி எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறார்கள். அந்த எல்லைக்குச் சுவர் உண்டு, கூரை கிடையாது. மேலே சுழலும் காற்றாடி அதன் கணக்கில் இல்லை.

காற்றாடியை நிறுத்திவிட்டு, வீட்டில் ஆக உயரமானவர் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்தபடி அதன் கீழ் நின்று, குதிகாலை உயர்த்தி, கையை முழுக்கத் தூக்கிப் பார்க்கட்டும். இறக்கைக்கும் கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லையென்றால், ஆடும்போது அந்தக் காற்றாடி ஓடக்கூடாது. முடிந்தால் நிற்கும் இடத்தையே மாற்றுங்கள். உள்ளே இருப்பவருக்கு அங்கே நீல வானம் தெரியும்; கை தயங்காமல் போகும்.

தவழும் குழந்தை, பூனை, தேநீர்த் தம்ளரோடு வரும் பாட்டி ஆகியோரையும் எல்லைக்கோடு தடுக்காது. ஆடுபவர் வெறுங்காலோடு ஒரு சின்னக் கால்மிதியின் மேல் நிற்பது நல்ல ஏற்பாடு. கால் மிதியை விட்டு விலகினால் எங்கோ நகர்ந்துவிட்டோம் என்று பாதமே சொல்லிவிடும். கட்டுப்பாட்டுக் கருவியின் மணிக்கட்டுக் கயிற்றை மாட்டாமல் ஆடினால் தொலைக்காட்சி உடையும். சாமி மேடை இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி நிற்காதே என்று பாட்டி சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் பாட்டி சொல்வது தவறு: விளக்கும் கண்ணாடிப் படமும் இருக்கும் பக்கம் வாள் வீசாமல் இருப்பதே நல்லது.

எதை வாங்குவது?

புதியவருக்கு என் தேர்வு, தனியே இயங்கும் கருவி. 2024 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3எஸ் அமெரிக்காவில் 299.99 டாலருக்கும், அதற்கு ஓராண்டு முன் வந்த குவெஸ்ட் 3 499.99 டாலருக்கும் அறிமுகமாயின. அப்போது டாலர் நாலு ரிங்கிட் சில்லறை; அந்தக் கணக்கிலேயே முதலாவது 1,200-ஐத் தாண்டியது. 2025 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஏறத்தாழ முக்கால் மாதச் சம்பளம் என்பதை மனதில் வைத்தே மேலே படியுங்கள். விளையாட்டுகளுக்குத் தனிக் காசு. பீட் சேபரே ஏறத்தாழ 30 டாலர்.

இரண்டுக்கும் உள்ளே ஒரே சில்லு, ஆகவே இரண்டிலும் ஒரே விளையாட்டுகள் ஓடும். 3-இன் படம் கூர்மை, லென்ஸ் மெலிது. 3எஸ்-இல் இரண்டு லென்ஸுக்கும் இடையிலான தூரத்தை 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகளில்தான் மாற்றலாம். கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை நிலைக்கண்ணாடி முன் அடிக்கோல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அந்த மூன்று எண்ணிலிருந்து வெகுவாக விலகியிருந்தால், வாங்குமுன் ஒருமுறை போட்டுப் பார்ப்பது அவசியம். படம் மங்குவதற்குக் காரணம் பல நேரங்களில் இதுதான்.

வீட்டில் ஏற்கெனவே பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) இருந்தால் 2023-இல் வந்த பிஎஸ் விஆர்2-ஐப் பார்க்கலாம். இல்லையென்றால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது கேட்கவேண்டியவை:

1. ஏபி செட்டா? அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் வழியாக வராமல் கடைக்காரரே வெளிநாட்டிலிருந்து இறக்கியது என்றால், உத்தரவாதம் அந்தக் கடையோடு முடிந்துவிடும். எத்தனை மாதம், பழுதென்றால் மாற்றித் தருவார்களா, பழுதுபார்க்க அனுப்புவார்களா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.
2. கணக்கைத் திறந்து ஒரு விளையாட்டை நம் வங்கி அட்டையில் வாங்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள்.
3. பழைய கருவி என்றால், முந்தையவரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா? வெள்ளைத் திரையைத் திறந்து பார்த்தால் கரும்புள்ளி, மஞ்சள் திட்டு எதுவும் இருக்கிறதா? குச்சியைத் தொடாமல் வைத்தால் காட்சி தானே நகர்கிறதா?

2020-இல் வந்த குவெஸ்ட் 2 பழையதாக மலிவாகக் கிடைக்கும். பீட் சேபருக்கு அது தாராளம். ஆனால் 2024-இல் வந்த பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ போன்றவை 3, 3எஸ் இரண்டில் மட்டுமே ஓடும். 2019-இன் முதல் குவெஸ்ட்டை யாராவது சும்மா கொடுத்தால் ஒழிய வாங்கவேண்டாம்.

தோட்டத்து இணையம் போதுமா?

கண்ணாடியிழை இணையம் பெருஞ்சாலையோரத் தாமானோடு நின்றுபோக, தோட்டத்துக்குள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி: தனியாக ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு, இறக்கி முடித்தபின் இணையம் தேவையில்லை. தொல்லை முதல் நாளில்தான். கருவியைத் திறந்ததும் மென்பொருள் புதுப்பிப்பு, பிறகு விளையாட்டுகள் என்று ஜிகாபைட் கணக்கில் இறங்கும். மாத ஒதுக்கீடு ஒரே இரவில் கரைந்துவிடும். பட்டணத்தில் உள்ள சித்தப்பா வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அங்கேயே இறக்கிக்கொண்டு வருவதே புத்திசாலித்தனம்.

பிள்ளைகளும் முதல் வாரமும்

மெத்தா 10 வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை. 10 முதல் 12 வரை பெற்றோர் திறந்து நிர்வகிக்கும் கணக்கு வேண்டும். பிஎஸ் விஆர்2-க்கு 12. வலிப்பு வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. லென்ஸ் ஒரே தூரத்தில் குவிந்திருக்க, கண்கள் அருகிலும் தொலைவிலும் உள்ள பொருள்களை நோக்கிச் சேர்ந்து விரிவதால் கண் சீக்கிரம் களைக்கும், இடைவேளை அதற்காகவும்தான்.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் முன்பின் தெரியாதவர்கள் காதுக்குள் பேசுவார்கள். பையன் என்ன கேட்கிறான் என்பது வெளியே இருக்கும் உங்களுக்குத் தெரியாது. கருவியின் காட்சியைக் கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ ஓடவிட்டு, ஹாலில் வைத்தே ஆட விடுங்கள். வாங்கிய விளையாட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், மெத்தா கடையில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்த வகை நகர்வு உங்களுக்குப் பொருந்தும் என்று சோதிக்க இது நல்ல வழி.

எண்ணெய், திருநீறு, வெயில்

தேங்காய் எண்ணெய் தடவிய தலையும் நெற்றித் திருநீறும் குங்குமமும் முகத்திண்டில் ஒட்டி, வேர்வையில் கரைந்து, லென்ஸுக்கு இறங்கும். துடைத்துவிட்டு மாட்டுங்கள், அல்லது கழுவக்கூடிய சிலிகான் உறை போடுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். சட்டை நுனியும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளாவிட்டால் கண்ணாடியும் லென்ஸும் உரசிக் கீறும்.

ஆடி முடித்ததும் பலரும் கருவியை லென்ஸ் மேலே பார்க்க ஜன்னலோர மேசையில் வைத்துவிடுவார்கள். காலை வெயில் கிராதி வழியே சாய்ந்து விழும். சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காய்ந்த இலையை எரித்தோமே, அதே வேலையை அந்த லென்ஸ் உள்ளிருக்கும் திரைக்குச் செய்யும். சில நிமிடம் போதும். பார்வைக்கு நடுவே ஒரு கருகிய புள்ளி நிரந்தரமாக நின்றுவிடும். அப்படி எரிந்ததை உத்தரவாதத்தில் மாற்றித் தரமாட்டார்கள். வந்த பெட்டியையே வைத்துக்கொண்டு, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு, மூடி, துணி அலமாரிக்குள் வையுங்கள்.